மரிக்காரிலிருந்து ‘ப்ரேங்க்’ வரை

முகத்துவாரத்தில், அளுத்மாவத்தைப் பக்கம், ஒரு மாலை நேரம். மட்டக்குளி பஸ் நிற்கும் இடத்துக்கு அருகே நடைபாதையில் மரக்கறி விற்றுக்கொண்டிருந்த வயதான பெண்மணியொருவரின் பக்கத்தில் ஒரு பையன் முதுகுப்பையைத் தொப்பென்று போட்டுவிட்டு, ஏதோ கத்தியபடி ஓடினான். இன்னொருவன் எதிர்க்கடை வாசலில் நின்று தொலைபேசியில் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண்மணி எழுந்து ஓட முயன்று, கால் இடறித் தன் கத்தரிக்காய்க் குவியலின் மேலேயே விழுந்தார். ஓடிய பையனின் தலையில் தொப்பி இருந்தது. அஸர் தொழுதுவிட்டு நேரே வந்திருக்க வேண்டும்.

அவனை எனக்குத் தெரியும். அவனுடைய வாப்பாவையும் தெரியும். பிடித்து நிறுத்திக் கேட்டபோது, “சும்மா பகிடிக்கி செஞ்ச சாச்சா. ப்ரேங்க் வீடியோ. பொறகு அவங்களுக்கு செல்லத்தான் ஈந்த” என்றான். பொய் சொல்கிற முகமல்ல அது. பயந்து போயிருந்தான். ஏனெனில் தெருவில் கூடியவர்கள் பையைப் பார்க்கவில்லை. அவனுடைய தொப்பியைப் பார்த்தார்கள்.

அந்தப் பெண்மணி செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடை புனித அந்தோனியார் கோயிலுக்குப் போகிறவர். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் அந்தக் கோயிலில் என்ன நடந்தது என்பதை இங்கு விவரிக்கத் தேவையில்லை. அன்று முதுகுப்பையோடு வந்தவர்களை இந்த நகரம் மறக்கவில்லை. மறக்கச் சொல்லும் உரிமை நமக்கும் இல்லை. மறுநாள் வாப்பா பையனை அழைத்து வந்து மன்னிப்புக் கேட்க வைத்தார். “பிள்ளை தானே” என்றார் அந்தப் பெண்மணி. ஆனால், அதற்குப் பிறகு இரண்டு கிழமை அந்த இடத்தில் அவர் கடை விரிக்கவில்லை.

இணையத்தின் நகைச்சுவைக் காணொளிகள் நமது இளைஞரின் நடத்தையைக் கெடுக்கின்றன என்பது இப்போது ஜும்ஆ மேடையிலும் பாடசாலைப் பெற்றோர் கூட்டத்திலும் தவறாமல் ஒலிக்கும் முறைப்பாடு. முறைப்பாடு பொய்யல்ல. ஆனால், அது மிகவும் பொதுப்படையானது. ‘தொலைபேசி பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது’ என்ற ஒற்றை வசனத்துக்குள் எல்லாவற்றையும் திணித்து விடுகிறது. அந்தப் பையன் எதைப் பார்த்தான், பார்த்ததில் எதை எடுத்துக்கொண்டான், எதை விட்டுவிட்டான் என்று கேட்பவர் இல்லை. விமர்சனம் என்பது அந்தக் கேள்விகளில்தான் தொடங்க வேண்டும்.

அவன் பார்த்த வகைக் காணொளிக்கு ஒரு வரலாறு உண்டு. 2016ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரில் சகோதரர்கள் சிலர் அரபு உடை அணிந்து, தெருவில் நிற்பவர்களின் காலடியில் பையொன்றை வீசிவிட்டு ஓடும் காணொளிகளைத் தயாரித்தனர். அவை உலகெங்கும் பரவின. பொலிஸார் அவர்களைக் கைது செய்தனர். பயந்து ஓடியவர்களாகக் காட்டப்பட்டவர்களுள் சிலர் ஏற்கனவே பேசி ஒழுங்கு செய்யப்பட்ட நடிகர்கள் என்பது பின்னர் வெளிவந்தது. நம்மவர்களின் கவனிப்புக்குரிய இடம் இதுதான். திரையில் ஓடியவன் கூலிக்கு ஓடினான். அளுத்மாவத்தையில் விழுந்த பெண்மணி உண்மையாக விழுந்தார். நடிப்பைப் பார்த்து நிஜத்தைச் செய்யும் இந்தத் தலைகீழ் விளையாட்டில் பலியாவது போலச் செய்பவனும்தான். 2021ஆம் ஆண்டு அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், யூடியூப்புக்காகக் கத்தியோடு கொள்ளைக்காரனைப் போல் பாய்ந்த இருபது வயது இளைஞன் ஒருவன், பகிடி என்று அறியாத ஒருவரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்து போனான்.

இலங்கைத் தமிழில் ‘ராகிங்’ என்பதற்கு நாம் வைத்திருக்கும் சொல் ‘பகிடிவதை’. பகிடியும் வதையும் ஒரே சொல்லில் சேர்ந்து நிற்கின்றன. 1997இல் பேராதனைப் பல்கலைக்கழக மாணவன் ஒருவன் பகிடிவதைக்குப் பின் உயிரிழந்த பிறகுதான் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதனைக் குற்றமாக்கியது. இந்தச் சொல்லை ஆக்கியவர் யாரோ, ‘ப்ரேங்க்’குக்கும் சேர்த்தே ஆக்கி வைத்துவிட்டார் என்று நினைக்கத் தோன்றுகிறது. தொல்காப்பியர் நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கைச் சொல்கிறார். இன்றைய தெருக் காணொளியில் நான்கும் ஒன்றாகவே கூடி வருகின்றன!

ஆயினும், சிரிப்பின் மீதே சந்தேகப்படுவது எனது நோக்கமல்ல. நான் சிரித்து வளர்ந்தவன். எழுபதுகளில் வானொலிப் பெட்டிக்கு முன் குடும்பமே கூடியிருந்த காலத்தில், எஸ். ராமதாஸ் எழுதிய ‘கோமாளிகளின் கும்மாளம்’ எங்கள் வீட்டில் சோற்றைப் போல இருந்தது. நான்கு பாத்திரங்கள். முஸ்லிம் பேச்சுத் தமிழ் பேசும் மரிக்கார், யாழ்ப்பாணத் தமிழ் பேசும் அப்புக்குட்டி, பிராமணத் தமிழ் பேசும் ஐயர், சிங்களவர் பேசுவது போன்ற தமிழ் பேசும் உபாலி. மரிக்காராக வந்தவர் ராமதாஸ். அவர் முஸ்லிம் அல்லர். ஐயராக வந்தவர் பி. எச். அப்துல் ஹமீத்! அப்புக்குட்டியாக ராஜகோபாலும் உபாலியாகச் செல்வசேகரனும் குரல் கொடுத்தனர். 1976இல் அது ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமாகவும் வந்தது. அவர்களுள் பலர் தத்தம் பாத்திரப் பெயராலேயே அறியப்பட்டார்கள். ராமதாஸை ‘மரிக்கார்’ என்ற அடைமொழியின்றிக் குறிப்பிட்டவர் குறைவு.

இதனைப் பொற்காலமாக்கிப் பேசுவது எளிது. அந்த மரிக்கார் வியாபாரி என்ற பழைய அச்சிலேயே வார்க்கப்பட்டவர்தான். உபாலியின் கொச்சைத் தமிழைக் கேட்டுச் சிரித்த நாங்கள், சிங்களச் சினிமாவிலும் நாடகத்திலும் உடைந்த சிங்களம் பேசும் ‘நானா’ வந்தபோது முகம் சுளித்தோம். இரட்டை நியாயம் அப்போதும் இருந்தது. ஆனால், ஒன்று உண்டு. அங்கே நான்கு பேரும் முறை வைத்துக்கொண்டு பகிடிக்கு ஆளானார்கள். மரிக்காரைப் பார்த்து ஐயர் சிரித்தால் அடுத்த நிமிடம் ஐயரைப் பார்த்து மரிக்கார் சிரிப்பார். பகிடி பண்ணப்பட்டவர் அதே காட்சியிலேயே இருந்தார், அவருக்கும் பேச வாய் இருந்தது. எங்கள் வீட்டில் மரிக்காரின் பேச்சுக்கு அதிகம் சிரித்தவர் என் வாப்பாதான். அது தன்னுடைய பேச்சு என்பதால். அடுத்த நாள் நாங்கள் தெருவில் ஐயரைப் போலவும் அப்புக்குட்டியைப் போலவும் பேசிப் பார்த்தோம். பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் எங்களைப் போலப் பேசினார்கள். அதுவும் ‘நடத்தையில் செல்வாக்கு’தான்.

இன்றைய பையன்களுக்குச் சிரிப்பு வருவது பெரும்பாலும் கடல் கடந்து. கோபி, சுதாகர் இருவரின் ‘பரிதாபங்கள்’, கோயம்புத்தூரின் ‘நக்கலைட்ஸ்’, வடிவேலுவின் முகபாவங்களை வெட்டி ஒட்டிய நூற்றுக்கணக்கான துணுக்குகள். இவற்றை ஒரேயடியாகக் குப்பை என்று ஒதுக்குபவர்கள் அவற்றைப் பார்த்ததில்லை என்பதே என் எண்ணம். நடுத்தர வர்க்க வீட்டின் கஞ்சத்தனத்தையும் உறவினரின் பாசாங்கையும் ‘பரிதாபங்கள்’ பிடித்துக்காட்டும் நுட்பம் நமது சிறுகதைகள் பலவற்றில் இல்லை. 2025இல் அவர்கள் சாதிப் பெருமையையும் அதன் பெயரால் நடக்கும் கொலைகளையும் எள்ளி வெளியிட்ட காணொளிக்கு எதிராகப் பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப்பட்டது. முறைப்பாடு வருமளவுக்கு உறைத்திருக்கிறது. அதற்கு முந்திய ஆண்டு, திருப்பதி லட்டு விவகாரத்தைக் கேலி செய்த காணொளியை எதிர்ப்பு வந்ததும் அவர்களே நீக்கிக்கொள்ள நேர்ந்தது. அதே சென்னையில்தான் 2021 ஜனவரியில், பெசன்ட் நகர்க் கடற்கரையில் இளம் பெண்ணிடம் ஆபாசக் கேள்விகளைக் கேட்டுப் படமாக்கிய வேறொரு யூடியூப் அலைவரிசையைச் சேர்ந்த மூவர் கைதானார்கள். ‘நகைச்சுவைக் காணொளி’ என்ற ஒரே பெயர்ப் பலகையின் கீழ் இந்த இரண்டும் கிடக்கின்றன. நாமோ பலகையைப் பார்த்தே தீர்ப்பெழுதுகிறோம்.

இந்தக் காணொளிகள் பையன்களுக்குச் செய்யும் ஒரு காரியம் பேச்சில் தெரிகிறது. வீட்டுக்குள் ‘ஈக்கி’, தெருவுக்கு வந்ததும் ‘இருக்கு ப்ரோ’. ‘பகிடி பண்ணாத’ போய் ‘கலாய்க்காத’ வந்திருக்கிறது. மொழி மாறுவது இயல்பு, அதற்காக நான் அழப்போவதில்லை. என்னை உறுத்துவது வேறு. தன் உம்மாவின் பேச்சு சிரிப்புக்கு மட்டுமே உரியது என்று அவன் நம்பத் தொடங்கியிருக்கிறான். நமது ஊர்ப் பையன்களே எடுக்கும் சிறு காணொளிகளைப் பாருங்கள். முக்காட்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஒருவன் உம்மாவாகிறான், அல்லது மாமியாகிறான். ஏசுகிறான், பக்கத்து வீட்டு ராத்தாவைப் பற்றிப் புறம் பேசுகிறான். அவதானிப்புக் கூர்மை உண்டு, நான் மறுக்கவில்லை. சில இடங்களில் நானே வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். ஆனால், அந்த உம்மாவுக்கு ஏச்சும் புறமும் தவிர வேறு வாய் இல்லை. பையன் முக்காட்டைப் போட்டுச் சிரிக்க வைத்தால் அது திறமை. அந்த முக்காட்டை உண்மையில் அணியும் பெண் ஒருத்தி தன் நானாவைப் போலவோ வாப்பாவைப் போலவோ நடித்து ஒரு காணொளி போட்டால், கீழே கருத்துரைகளில் மார்க்கத் தீர்ப்புகள் வரிசையாக வந்து விழுகின்றன. மரிக்காரும் ஐயரும் மாறி மாறிச் சிரித்த அந்த முறை இங்கே இல்லை.

தோமஸ் ஃபோர்ட் என்னும் அமெரிக்கச் சமூக உளவியலாளர் இழிவுபடுத்தும் நகைச்சுவை பற்றி ஆராய்ந்து ஒரு கருத்தை முன்வைத்திருக்கிறார். அத்தகைய பகிடி, வெறுப்பே இல்லாதவனிடம் புதிதாக வெறுப்பை விதைப்பதைவிட, ஏற்கனவே உள்ளே வைத்திருப்பவனுக்கு அதை வெளியே காட்டலாம் என்ற அனுமதியை வழங்குகிறது என்பதே அது. நமது பையன்களுக்கும் இது பொருந்தும் என்றே எனக்குப் படுகிறது. காணொளி அவர்களுக்குக் கெட்டதைக் கற்றுக் கொடுப்பதை விட, ஏற்கனவே இருக்கும் ஏளனத்துக்கு ‘சும்மா பகிடிக்கி’ என்ற அனுமதிச் சீட்டைக் கொடுக்கிறது. ஏளனம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அப்போது நம் வீட்டுக்கே திரும்பி வருகிறது.

சிரிப்பு எந்த மண்ணில் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2019 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். மே 12ஆம் திகதி சிலாபத்தில், முகநூல் உரையாடல் ஒன்றில் முஸ்லிம் வியாபாரி ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வரி தாக்குதல் மிரட்டலாக வாசிக்கப்பட்டது. அதிகம் சிரிக்க வேண்டாம், ஒரு நாள் அழ நேரும் என்பதே அதன் பொருள். அவர் கைதானார். அவருடைய கடையும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மறுநாள் குருநாகல், கம்பஹா, புத்தளம் மாவட்டங்களில் கடைகள் எரிந்தன, நாத்தாண்டியப் பகுதியில் ஒரு முஸ்லிம் கொல்லப்பட்டார். சிரிப்பைப் பற்றிய ஒரு வரி! அதே மாதத்தின் இறுதியில், பாகிஸ்தானிலிருந்து இயங்கிய ஒரு முகநூல் பக்கம் சுத்தியலின் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. 2001இல் வந்த ‘ப்ரெண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு நடித்த கொன்ட்ராக்டர் நேசமணியின் தலையில் விழுந்த சுத்தியல் அது என்று ஒரு தமிழர் பதில் எழுத, நேசமணிக்காகப் பிரார்த்திக்கும்படி உலகத் தமிழர் எல்லோரும் விளையாட்டாகக் கேட்டுக்கொண்டார்கள்.

எங்கள் தெருப் பையன்களும் பிரார்த்தித்தார்கள். மினுவாங்கொடையில் எரிந்த கடைகளின் கரி அப்போது கழுவப்பட்டிருக்காது. நான் அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. அந்த இரண்டு கிழமையும் வாயைத் திறக்கப் பயந்து வீட்டுக்குள் கிடந்த பிள்ளைகளுக்கு, யாருக்கும் நோகாத ஒரு சிரிப்பு எங்கிருந்தோ வந்தது. எடுத்துக்கொண்டார்கள். ஆனால், ஒரே சொல் சென்னையில் விளையாட்டாகவும் சிலாபத்தில் நெருப்பாகவும் மாறக்கூடிய நாட்டில் இருக்கிறோம் என்பதை அவர்களுக்கு எந்தக் காணொளியும் சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை. நாம் தொலைபேசியைப் பறித்து வைத்தோம், அவ்வளவுதான்.

இப்போது நம்மவர்களிடையே கேட்கும் இன்னொரு குரல், சட்டம் வேண்டும் என்பது. இவர்களைப் பொலிஸில் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று பள்ளிவாசல் முற்றத்திலேயே ஒருவர் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 2023 மே மாத இறுதியில் நடாஷா எதிரிசூரிய என்ற மேடை நகைச்சுவைக் கலைஞர், புத்தரின் இளமைக் காலம் பற்றிச் சொன்ன பகிடிக்காகக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். அதனை இணையத்தில் வெளியிட்ட அலைவரிசையின் உரிமையாளரும் கைதானார். நடாஷாவுக்கு ஜூலையில்தான் பிணை கிடைத்தது. பயன்படுத்தப்பட்டது 2007ஆம் ஆண்டின் ஐ.சி.சி.பி.ஆர். சட்டம். அதே சட்டத்தின் கீழ்தான் 2020 ஏப்ரலில் ரம்ஸி ராஸீக் ஒரு முகநூல் பதிவுக்காகப் பிடிக்கப்பட்டு ஐந்து மாதங்கள் சிறையில் கிடந்தார். அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023இல். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 2020 மே மாதம் கைதான கவிஞர் அஹ்னாப் ஜஸீமை இந்த இதழின் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ‘நவரசம்’ என்று பெயரிட்ட கவிதைத் தொகுப்பைத் தமிழ் தெரியாதவர்கள் தீவிரவாத நூலாக வாசித்தார்கள். 2021 டிசெம்பரில் பிணையும் 2023 டிசெம்பரில் விடுதலையும் கிடைத்தன. இப்போது 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. அந்தக் கதவை நாமே போய்த் தட்டுவதா?

சட்டத்திடம் போகாமல் பையனிடம் சொல்வதற்கு நம்மிடம் எதுவும் இல்லையா? இருக்கிறது. ஒரு பயணத்தில் தோழர் ஒருவர் தூங்கிக்கொண்டிருக்க, வேறு சிலர் விளையாட்டாக அவரிடமிருந்த கயிற்றை எடுத்துவிட, அவர் திடுக்கிட்டு விழித்ததாக அபூதாவூதில் ஒரு செய்தி உண்டு. முஸ்லிம் ஒருவரைப் பயமுறுத்துவது ஆகாது என்று நபி (ஸல்) அவர்கள் அப்போது சொன்னார்கள். பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முந்திய ஒரு ‘ப்ரேங்க்’. இதைக் குத்பாவில் சொல்பவர்கள் அத்தோடு நிறுத்திவிடுவதுதான் என் மனக்குறை. ஏனெனில், இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஸாஹிர் என்ற பாலைவனவாசி. அழகில்லாதவர் என்று அறியப்பட்டவர். சந்தையில் பொருள் விற்றுக்கொண்டிருந்த அவரை நபியவர்கள் பின்புறமாக வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். யாரது, விடு என்று திமிறியவர், யாரென்று தெரிந்ததும் தன் முதுகை இன்னும் நெருக்கி ஒட்டிக்கொண்டார். இந்த அடிமையை வாங்குவார் யார் என்று நபியவர்கள் விளையாட்டாகக் கேட்க, என்னை விற்றால் விலை போகமாட்டேனே என்றார் ஸாஹிர். அல்லாஹ்விடத்தில் நீர் விலை மதிப்புள்ளவர் என்ற பதில் வந்தது.

சந்தை, நடைபாதை வியாபாரி, பின்னாலிருந்து திடீரென்று ஒரு பிடி. அளுத்மாவத்தைக் காட்சியும் இதுவேதான். வேறுபாடு எங்கே? பகிடி முடியும்போது ஸாஹிர் சந்தைக்கு நடுவில் உயர்ந்து நின்றார். மரக்கறிக்காரப் பெண்மணி கத்தரிக்காய்களுக்கு நடுவில் கிடந்தார். ஒரு நகைச்சுவைக் காணொளியை மதிப்பிட எனக்கு இதைவிட நல்ல அளவுகோல் இதுவரை கிடைக்கவில்லை. ‘பரிதாபங்கள்’ காணொளிகளையும் பெசன்ட் நகர்க் காணொளியையும் இதில் வைத்துப் பாருங்கள்; நம் பையன்களின் ‘உம்மா’ நடிப்பையும் வைத்துப் பாருங்கள்.

எழுதுகிற நமக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. ஈழத்து முஸ்லிம்களின் தமிழ்ச் சிறுகதை வறுமையை எழுதியது, சீதனத்தை எழுதியது, இடப்பெயர்வை எழுதியது. சிரிப்பை அது பெரும்பாலும் மேடைக்கும் வானொலிக்கும் விட்டுவிட்டது. இப்போது மேடையும் வானொலியும் அந்த இடத்தில் இல்லை.

அண்மையில் என் தங்கையின் மகன் வீட்டுக்கு வந்திருந்தான். அவனும் சிறு காணொளிகள் எடுப்பவன்தான். தென்னிலங்கை முஸ்லிம்களின் பேச்சைக் கூச்சமில்லாமல் கதைக்குள் கொண்டுவந்த திக்குவல்லை கமாலின் தொகுதியொன்றை எடுத்து, உரையாடல்கள் வரும் ஒரு பக்கத்தை உரத்து வாசிக்கச் சொன்னேன். இரண்டு வரி வாசித்ததும் நிறுத்திவிட்டான்.

“மாமா, இப்பிடியும் புத்தகத்தில எழுதேலுமா? இது எங்கட உம்மா பேசுற மாதிரித்தானே ஈக்கி.”

பிறகு முழுப் பக்கத்தையும் வாசித்தான். சிரிப்புக் காட்டும் குரலில் தொடங்கியவன் பாதியில் அந்தக் குரலை விட்டுவிட்டான். முடித்ததும், “இதே பேச்சில பகிடிக் கதை யாரும் எழுதீக்காங்களா?” என்று கேட்டான். இரண்டு மூன்று பெயர்களைச் சொன்னேன். புத்தகத்தைக் காட்டுங்க என்றான். அலுமாரியில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.